எங்கள் வீட்டுக்குக் காவல் நின்றவர்களுக்கு

திருநெல்வேலி சிந்துபூந்துறை அண்ணாச்சிமார், மைனிமார், ஆச்சிமார் எல்லாருக்கும், பெயர் தெரியாத மீனவ அண்ணன்மார் நாலு பேருக்கும் வணக்கம்.

17 வருஷ ராணுவ சர்வீஸை முடித்து அண்ணன் போன வாரம் வீடு வந்துவிட்டான். சந்திப்பு ஸ்டேஷனில் மாலை போட்டு, வெடி போட்டுக் கூட்டி வந்தீர்கள். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவன், "மாலைய நாமல்லா அவங்களுக்குப் போட்டிருக்கணும்" என்றான். அதனால்தான் இந்த மடல். இரண்டு பேருக்காகவும் நான் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது என்று பிறகுதான் தெரிந்தது. குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தாமிரபரணி ஆறு மூடுவது நமக்குப் புதிதில்லை. ஆற்று வெள்ளம் சந்திப்பு பஸ் ஸ்டாண்டுக்குள் வரும் என்று யார் நினைத்தோம்? வெள்ள நிவாரண முகாமுக்குச் சமைக்க ஆள் வேண்டும் என்று போன் வந்ததால், "ராத்திரி வந்துருவேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பாளையங்கோட்டை மண்டபத்துக்குப் போனேன். மூன்றாம் நாள்தான் திரும்ப முடிந்தது.

கரண்ட் இல்லை, டவர் இல்லை. அண்ணன் எல்லையில் இருந்தான். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டதையும், ஹெலிகாப்டரில் சாப்பாடு போனதையும் டி.வி.யில் பார்த்திருக்கிறான். நம் பக்கத்து ஜனங்களுக்கு ராணுவம் வந்து நிற்கிறது; அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று அவனுக்குத் தெரியாது. நான் சாம்பார் சாதப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். எட்டு மணி ஆனபோது, அம்மாவுக்கு இன்சுலின் போட வேண்டிய நேரம் என்று நினைப்பு வந்து, கையில் இருந்த சணலை முடிச்சுப் போட முடியவில்லை.

அந்த இன்சுலின் கதையை நீங்கள் யாரும் வந்து சொல்லவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். எதிர்வீட்டு அண்ணாச்சி நெஞ்சளவு தண்ணீரில் எங்கள் வீட்டுக்குள் போய், சாய்ந்து மிதந்த ஃப்ரிட்ஜை நிமிர்த்தி மருந்தை எடுத்தாராம். மச்சில் பதினாலு பேர் ஒண்டிக்கொண்டிருந்த அறையில், மைனி அதைப் பாலித்தீன் பையில் கட்டி ஒரு சின்ன மண்பானைக்குள் வைத்து, ஈரத்துணி சுற்றி மடியிலேயே வைத்திருந்தாராம். சூடு படாமல் இருந்தால் சில வாரம் வெளியே இருந்தாலும் கெடாது என்று டாக்டர் பிறகு சொன்னார். அது மைனிக்குத் தெரியாது. ராத்திரி பூராவும் துணியை நனைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தப் பானை இப்போது எங்கள் வீட்டுச் சாமி ரூமில் இருக்கிறது மைனி, திருப்பித் தர மாட்டேன்.

அந்த மூன்று நாள் மட்டுமா? அண்ணன் வெலிங்டனுக்குப் பயிற்சிக்குப் போன வருஷத்திலிருந்து ரேஷன் கடை வரிசையும் சிலிண்டர் மாற்றுவதும் உங்கள் வேலை. ரத்தம் வேண்டும் என்று நடுராத்திரி போன் வந்து நான் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போதெல்லாம், பாயைச் சுருட்டிக்கொண்டு அம்மாவுக்குத் துணைக்கு வந்த ஆச்சி, ஒரு நாள்கூட "ஏன் தாயி இந்த நேரத்துல" என்று கேட்டதில்லை.

மீனவ அண்ணன்மாரே, உங்களைத் தேடித்தான் இதை எல்லாரும் பார்க்க எழுதுகிறேன். கடற்கரையிலிருந்து லாரியில் வள்ளம் ஏற்றி வந்தீர்கள். முட்டுவலிக்காரி அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி இறக்கினீர்கள். மீன் வாடையே ஆகாதவள், வலை மடித்துக் கிடந்த இடத்தில் உட்கார்ந்து, முன்னால் நின்றவர் கையைக் கரை வரைக்கும் விடவில்லையாம். டீசலுக்குக்கூடக் காசு வாங்காமல் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டீர்கள். பச்சை வள்ளம் என்பது தவிர அம்மாவுக்கு வேறு அடையாளம் சொல்லத் தெரியவில்லை.

வருகிற ஞாயிறு மத்தியானம் வீட்டில் சொதி சாப்பாடு. இஞ்சித் துவையல் அம்மாவே அரைக்கிறாள், பரிமாறுவது அண்ணன். தெருக்காரர்கள் அத்தனை பேரும் வரணும். பச்சை வள்ளத்துக்காரர்களை யாருக்காவது தெரிந்தால் கையோடு கூட்டி வாருங்கள். அவர்களுக்கு நாலு இலை தனியாக எடுத்து வைத்திருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு அண்ணன் தங்கை