பழைய கணினியில் லினக்ஸ்: கறுப்புத் திரையோடு கைவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்ததிலிருந்து, பழைய கணினியைத் தூக்கிப் போடாமல் அதில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளுங்கள் என்ற ஆலோசனை எங்கும் காதில் விழுகிறது. நல்ல ஆலோசனைதான். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதியும் எட்டாம் தலைமுறை இன்டெல் செயலியும் இல்லை என்பதற்காக மட்டும் ஒதுக்கப்படும் கணினிகள் பல, இன்னும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. ஆனால் நிறுவல் கோப்பை இறக்கி, பென் டிரைவில் எழுதி, நிறுவிவிடுங்கள் என்ற அளவிலேயே அந்த ஆலோசனை நின்றுவிடுவதால், முதல் முயற்சியில் கறுப்புத் திரையைப் பார்ப்பவர், தன் கணினிக்கு ஆயுள் முடிந்துவிட்டதாகவே எண்ணிவிடுகிறார். அந்த எண்ணம் பெரும்பாலும் தவறு என்பதை என் வீட்டில் நடந்ததைக் கொண்டே சொல்கிறேன்.

என் அக்கா மகன் கல்லூரியில் படித்தபோது வாங்கிய நெட்புக் என்னும் சிறிய மடிக்கணினி ஒன்று பல ஆண்டுகளாகப் பரணில் கிடந்தது. இன்டெல் ஆட்டம் என்270 செயலி, 1 ஜிபி ராம். பேத்தி தமிழ்த் தட்டச்சு பழகட்டும் என்று அதை இறக்கி, லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் அண்மைப் பதிப்பைப் பென் டிரைவில் எழுதிச் செருகினோம். எக்ஸ்86-64 செயலி தேவை, ஆனால் இங்கே இருப்பது ஐ686 மட்டுமே என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி காட்டிவிட்டு அது நின்றுவிட்டது. பழுதுபார்க்கும் கடையில் காட்டியபோது அந்த வரிகளைப் படித்துக்கூடப் பார்க்காமல், "இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது சார், எடைக்குப் போட்டுடுங்க" என்றார்கள்.

அந்த இரண்டு வரியிலேயே விடை இருந்தது. எக்ஸ்86-64 என்பது 64 பிட் வகை, ஐ686 என்பது 32 பிட் வகை. என்270 ஒரு 32 பிட் செயலி. நாங்கள் இறக்கியதோ 64 பிட் கோப்பு. உபுண்டு என்னும் இன்னொரு லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 2020-இல் வெளியான 20ஆம் பதிப்போடு 32 பிட் கணினிகளைக் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பிலும் அவற்றுக்கான நிறுவல் கோப்பு இல்லை. ஆகவே டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23-இன் 32 பிட் பதிப்பை இறக்கினோம். 1 ஜிபி ராமில் அது தடங்கலின்றி எழுந்தது. பழைய கணினி என்றாலே 32 பிட்தான் என்று நினைத்துவிடவும் கூடாது. 2006-இல் வெளிவந்த கோர் 2 டுயோ செயலிகளே 64 பிட்டைத் தாங்குபவை. செயலியின் பெயரை முதலில் பார்த்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

எங்களை உண்மையில் ஒரு நாள் முழுக்க அலைக்கழித்தது அதற்குப் பிறகு வந்த சிக்கல்தான். வைஃபை இணைந்துவிட்டது, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை. பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்றது உலாவி. மென்பொருள்களைப் புதுப்பிக்க முயன்றால் அங்கும் ஏறக்குறைய அதே மறுப்பு. ரவுட்டரை அணைத்துப் பார்த்தோம், மறுபடி நிறுவிக்கூடப் பார்த்தோம். கடைசியில் திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைக் கவனித்தது பேத்திதான்: 2009 ஜனவரி 1. தாய்ப்பலகையில் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோனதால், மின்சாரம் துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் கணினி தன் பழைய தேதிக்கே திரும்பிக்கொண்டிருந்தது. 2009-இல் இருப்பதாக நம்பும் கணினிக்கு இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இனிமேல்தான் நடைமுறைக்கு வர வேண்டியவை! கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் தேதியைத் திருத்தியதும் தளங்கள் திறந்தன. பேட்டரியை மாற்றிய பிறகு அந்தத் தொல்லை மீண்டும் வரவில்லை. இது லினக்ஸின் குறையும் அன்று, கணினி செத்துவிட்டதன் அடையாளமும் அன்று.

மற்ற சிக்கல்களும் பெரும்பாலும் இத்தகையவையே. நிறுவல் முடிந்த பின் பென் டிரைவைக் கழற்றினால் கணினி எழவில்லை என்றால், இயங்குதளத்தைத் துவக்கிவைக்கும் கிரப் என்னும் சிறு நிரல் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் பென் டிரைவிலேயே எழுதப்பட்டிருக்கலாம். நிறுவும்போது எந்த வட்டு என்று கேட்கும் இடத்தில் அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும். துவக்கப் பட்டியல் வந்த பிறகு திரை இருண்டுவிடுவது பல நேரங்களில் திரைக் காட்சியை இயக்கும் நிரலான கிராஃபிக்ஸ் இயக்கியின் கோளாறு. அந்தப் பட்டியலில் துவக்க வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு, 'நோமோட்செட்' (nomodeset) என்பதைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் ஒரே சொல்லாகச் சேர்த்துப் பார்ப்பது முதல் முயற்சியாக இருக்க வேண்டும்.

இதை ஒரு நாளிதழுக்கு எழுதக் காரணம் உண்டு. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸை அவற்றில் பார்த்த பிள்ளைகளுக்கு லினக்ஸ் என்ற பெயரும் புதிதன்று. அவற்றைத் திரும்ப எழுப்ப நினைக்கும் குடும்பத்துக்குத் தடையாக நிற்பது, பெரும்பாலும், ஆங்கிலத்தில் வந்து மறையும் இரண்டு வரி எச்சரிக்கைதான். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வாரம் ஒன்றாக அத்தகைய எச்சரிக்கை ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எதைச் சொல்கிறது, முதலில் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று தமிழில் விளக்கும் சிறு பத்தி ஒன்றைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். செயலி 32 பிட்டா 64 பிட்டா என்று கண்டறியும் முறையே அதன் முதல் வாரமாக அமையலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கும்பகோணம்