பூஞ்சைக்கும் பிசிஆர் உண்டு. ஆனால் திசு முழுவதும் ஃபார்மலினில் போய்விட்டால்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவிட் வந்துபோன பிறகு, கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் ‘பிசிஆர்’ என்ற சோதனையின் பெயர் நம் வீட்டுப் பாட்டிமாருக்கும் பழகிவிட்டது. அதனால் வார்டில் படுத்திருப்பவருக்குப் பூஞ்சைத் தொற்று இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதுமே, “பிசிஆர் எடுத்தால் நாளைக்கே தெரிந்துவிடுமே” என்று குடும்பத்தார் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மூக்கில் குச்சி விட்டு எடுத்த அந்தச் சோதனை வேறு, இது வேறு.

கோவிட் கிருமியின் உறையைச் சோப்பு நீரே கரைத்துவிடும். பூஞ்சையின் செல்சுவரோ கைட்டினும் குளுக்கனும் பின்னிய கவசம். நுண்மணிகளைப் போட்டுக் குலுக்கியோ நொதியால் அரித்தோதான் அதை உடைக்க முடியும். உடையாவிட்டால், குழாய்க்குள் பூஞ்சை இருந்தாலும் முடிவு ‘இல்லை’ என்றே வரும். இரத்தத்தில் இன்னொரு சிக்கல்: கேண்டிடா என்ற பூஞ்சையின் தொற்று உள்ளவரின் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஒரு பூஞ்சைச் செல்கூட இல்லாமல் போகலாம். அதனால்தான் கிருமியை வளரவைத்துப் பார்க்கும் இரத்த வளர்ப்புச் சோதனைக்குப் பெரியவர்களிடம் ஒரே வேளையில் 40 முதல் 60 மில்லிலிட்டர்வரை எடுத்துப் பல புட்டிகளில் பிரித்து ஊற்றச் சொல்கிறார்கள். அப்படியும் உள்ளுறுப்புக் கேண்டிடா தொற்றுகளில் ஏறக்குறைய பாதிதான் பிடிபடும். ஆகவே சில துளி இரத்தத்தில் பிசிஆர் ‘இல்லை’ என்றால் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. குழாயும் முக்கியம். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் போட்ட பச்சை மூடிக் குழாயில் அனுப்பினால் ஹெப்பரினே பிசிஆரைத் தடுக்கும். எடிடிஏ போட்ட ஊதா மூடிக் குழாய்தான் வேண்டும்.

இந்தச் சோதனையின் முழுப் பலமும் தெரிவது திசுத் துண்டில். 2021-இல் இந்தியச் செய்திகளில் அடிபட்ட ‘கறுப்புப் பூஞ்சை’ நினைவிருக்கும். பெயர்தான் தவறு. அந்தப் பூஞ்சை கறுப்பல்ல. அது இரத்தக் குழாய்களை அடைப்பதால் செத்துப்போகும் சதைதான் கறுக்கிறது. ம்யூகோரேலிஸ் என்ற இந்தக் கூட்டம் கட்டுக்கடங்காத இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களின் மூக்கு, சைனஸ் வழியாகக் கண்ணுக்கும் மூளைக்கும் ஏறும். நம் சமூகத்தில் இனிப்பு நீர் எவ்வளவு பரவலென்று சொல்லத் தேவையில்லை.

மூக்கிலிருந்து வெட்டியெடுத்த துண்டில் பூஞ்சை இழை இருப்பதை நுண்ணோக்கி காட்டிவிடும். அது இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ம்யூகோரா, ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறு பூஞ்சையா என்பதுதான் அடுத்த கேள்வி. ஆஸ்பெர்ஜில்லஸுக்கு முதலில் கொடுக்கும் வோரிகோனசோல், ம்யூகோரை ஒன்றும் செய்யாது. அதற்கு ஆம்ஃபோடெரிசின் வேண்டும். அகலமான, தடுப்புச்சுவர் அதிகமில்லாத இழை என்றால் ம்யூகோர் என்று பாடத்தில் இருக்கும். சிறிய துண்டில் மடங்கிக் கசங்கிக் கிடக்கும் இழையைப் பார்த்து அடித்துச் சொல்வது அனுபவசாலிக்கே கடினம். இங்கேதான் ஐடிஎஸ் என்ற மரபணுப் பகுதியைப் பெருக்கி, அதன் எழுத்து வரிசையைப் படித்து, தரவுத்தளத்தோடு ஒப்பிடும் சோதனை கைகொடுக்கிறது. பூஞ்சைகளை அடையாளம் காணும் பொதுக் குறியீடாக இந்தப் பகுதி 2012-இல் முன்வைக்கப்பட்டது. ஒரு செல்லுக்குள்ளேயே இதற்குப் பல பிரதிகள் உண்டு என்பதால் கொஞ்சம் பூஞ்சை இருந்தாலும் அகப்படும்.

ஆனால் ஆய்வகத்துக்கு அழைப்பு வரும்போது, பெரும்பாலும் எடுத்த திசு மொத்தமும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறிக்கொண்டிருக்கும். ஃபார்மலின் பூஞ்சையைக் கொன்றுவிடும், ஆகவே வளர்ப்பு கிடையாது. டிஎன்ஏவையும் புரதத்தோடு பிணைத்துத் துண்டு துண்டாக்கும். ஃபார்மலினில் ஊறிய திசுவை மெழுகில் பதித்து வைக்கும் கட்டியிலிருந்து சில நேரம் சிறு துணுக்குகளைப் பெருக்க முடியும். பல நேரம் ஒன்றும் கிடைக்காது.

செய்ய வேண்டியது எளிது. அறுவை அறையிலேயே திசுவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்று ஃபார்மலினுக்கு. மற்றது கிருமி நீக்கிய கலனில், சலைன் சில துளிகளோடு. காயாமல் இருந்தால் போதும், மிதக்கவிட வேண்டாம். பஞ்சுக் குச்சியில் துடைத்து அனுப்புவது வீண். வளர்ப்புக்கு வைக்கும் துண்டை ஆய்வகத்தில் அரைக்கக் கூடாது. தடுப்பு அதிகமில்லாத ம்யூகோர் இழை நசுங்கினால் செத்துவிடும். மெல்லிய சீவல்களாக நறுக்கி வைக்க வேண்டும். பினாங்கில் வெள்ளிக்கிழமை மாலை எடுத்த துண்டு, மேல்நிலை ஆய்வகத்துக்குத் திங்கட்கிழமைதான் கிளம்பும் என்றால், பிசிஆருக்கான பங்கை உறையவைத்துவிடுவது நல்லது. பெருநாள் விடுமுறைகளில் கெட்டுப்போன மாதிரிகளுக்குக் கணக்கில்லை.

நுண்ணோக்கியில் இழை தெரிந்த திசுவில் ஐடிஎஸ் சோதனை நன்றாக வேலை செய்யும். ஒன்றுமே தெரியாத திசுவில் ‘எதற்கும் பார்த்துவிடலாம்’ என்று செய்தால் தலைவலிதான். பூஞ்சை வித்துகள் காற்றிலும் உண்டு, சோதனைக்கு வாங்கும் நொதியில்கூட பூஞ்சை டிஎன்ஏ கலந்து வந்ததுண்டு. ஒவ்வொரு முறையும் மாதிரி எதுவும் போடாத வெறுங்குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டாத ஆய்வகத்தின் ‘பாசிட்டிவ்’ முடிவை நான் நம்பமாட்டேன்.

இரத்தத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் தேடும் பிசிஆரை 2020-இல் வெளியான சர்வதேச வரையறை ஏற்றுக்கொண்டது. அதுவும் இரத்தத்தை மட்டும் வைத்துச் சொல்வதென்றால், அடுத்தடுத்து இரண்டு முறை பாசிட்டிவ் வந்தால்தான் கணக்கு. பூஞ்சை மருந்து தொடங்கிய பிறகு எடுத்த இரத்தத்தில் இது எளிதில் தவறவிடும். அதற்காக மருந்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. முதல் வேளை மருந்துக்குமுன் ஒரு குழாய் எடுத்து வைத்தால் போதும்.

நிமோசிஸ்டிஸ் நிமோனியா வேறு வகை. அந்தப் பூஞ்சை வழக்கமான வளர்ப்பில் வளரவே வளராது. நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் பிசிஆர் ‘இல்லை’ என்றால் அநேகமாக இல்லைதான். ‘உண்டு’ என்றால் யோசிக்க வேண்டும், நோய் இல்லாமலும் அது நுரையீரலில் தங்கியிருக்கும். சளியில் கேண்டிடா வந்தது என்று பதறுவோருக்கும் இதே பதில்: பெரும்பாலும் அது வாயில் குடியிருப்பது.

மூளை உறையழற்சிக்குப் பத்துக்கும் மேற்பட்ட கிருமிகளை ஒரே நேரத்தில் தேடும் விலையுயர்ந்த பிசிஆர் தொகுப்புகள் வந்துவிட்டன. அந்த அழற்சியை உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை குறைவாக இருந்தால் அவை கோட்டைவிடுவதுண்டு. பத்தே நிமிடத்தில் முடிவு தரும் ஆன்டிஜென் பட்டை இதில் அவற்றைவிட நம்பகமானது, மலிவானதும்கூட. புதியது எல்லாம் மேலானது அல்ல.

குடும்பத்தாருக்கும் வேலை உண்டு. வீட்டுப் பூனைக்கு ஆறாத புண் இருந்ததா, ஜன்னலோரம் புறாக்கள் கூடு கட்டியிருக்கின்றனவா, அண்மையில் வீடு இடித்துக் கட்டினார்களா, நோயாளி ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாரா என்பதையெல்லாம் மருத்துவர் கேட்காமலே அவரிடம் சொல்லுங்கள். பூனையிடமிருந்து வரும் ஸ்போரோத்ரிக்ஸ் தோல்புண் மலேசியாவில் அறியப்பட்ட ஒன்று. படிவத்தில் ‘பூஞ்சை சந்தேகம்’ என்ற இரண்டு சொல் இருந்தால் ஆய்வகத்தில் மாதிரியைக் கையாளும் முறையே மாறும். திசு எடுக்கச் சம்மதக் கையெழுத்துப் போடும்முன் இதையும் கேட்டுவிடுங்கள்: “டாக்டர், ஃபார்மலினில் போடாத ஒரு துண்டும் ஆய்வகத்துக்குப் போகிறதா?”

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வக நுண்ணுயிரியலாளர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு