திருமண்டலத் தேர்தலும் சபையின் அன்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னிந்தியத் திருச்சபையில், ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாக அமைப்பான திருமண்டலத்துக்கு நடக்கும் தேர்தல்களைப் பற்றியும், அவற்றையொட்டி நீதிமன்றம் செல்லும் வழக்குகளைப் பற்றியும் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்திகள் வருகின்றன. அவற்றைப் படிக்கும் பிற சமயத்து நண்பர்கள், அன்பைப் பற்றி இவ்வளவு பேசும் சபைக்குள் ஏன் இத்தனை வழக்கு என்று கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்கு மேடைகளில் சொல்லப்படும் பதில், அதாவது சபையார் இன்னும் அதிகமாக ஜெபித்து அன்பில் வளர வேண்டும் என்பது, நோயாளியிடம் நலமாக இரு என்று சொல்வதைப் போலத்தான் எனக்குப் படுகிறது.

அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது என்னும் பகுதியை நாம் பெரும்பாலும் திருமண ஆராதனையில்தான் வாசிக்கிறோம். அப்போஸ்தலனாகிய பவுல் அதை எழுதியதோ, சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்கு. கொரிந்து சபையார் நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று அணி பிரிந்து நின்றார்கள். சகோதரன் மேல் சகோதரன் வழக்குத் தொடுத்தான். திருவிருந்துக்குக் கூடிய இடத்திலேயே வசதியுள்ளவன் முந்திச் சாப்பிட, இல்லாதவன் பசியோடு இருந்தான். ஒரு குருவானவரின் கீழுள்ள சபைகளை நிர்வகிக்கும் நம் சேகரக் கமிட்டிக் கூட்டங்களில் அன்பைப் பற்றிய அந்த அதிகாரம் வாசிக்கப்பட்டு நான் கேட்டதில்லை.

எருசலேமின் ஆதிச் சபையில் நடந்தது இதைவிடத் தெளிவாக வழிகாட்டுகிறது. அன்றாடப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் முறுமுறுத்தபோது, சபைத் தலைவர்களான அப்போஸ்தலர்கள் அன்பைக் குறித்து ஒரு பிரசங்கம் செய்து அவர்களை அனுப்பிவிடவில்லை. ஏழு பேரைச் சபையாரே தெரிந்தெடுக்கச் சொல்லி, அவர்களிடம் பங்கீட்டுப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு முதல் நிக்கொலா வரை அந்த ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்களே இருப்பதைக் கவனித்தால், குறை சொன்னவர்களின் கையிலேயே பொறுப்பு தரப்பட்டிருக்கிறது என்று எண்ணத் தோன்றுகிறது. அங்கே அன்பு ஒரு நிர்வாக ஏற்பாடாக வந்தது.

திருநெல்வேலிச் சபையின் வரலாற்றிலும் இதே கதைதான். புதிதாகச் சேர்ந்தவர்கள் சொந்த ஊரில் துன்புறுத்தப்பட்டபோது, அவர்களுக்கென்று 1799இல் முதலூர் என்னும் ஊர் உருவாக்கப்பட்டது. உலை வைக்கும் முன் பெண்கள் எடுத்து வைத்த கைப்பிடி அரிசி, ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் போனது. இன்றும் அசனம் என்னும் சபை விருந்தின்போது சபையார் கூடிச் சமைத்து, ஒரே உலைச் சோற்றை ஒரே பந்தியில் சாப்பிடுகிறோம். (அதே பந்தியில் அமர்ந்தவர்கள் சில இடங்களில் தனித்தனிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்படுகிறார்கள் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று 1833இல் பேராயர் டேனியல் வில்சன் உத்தரவிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையையே விட்டு வெளியேறினார்கள்.)

அப்படியானால் இன்றைய பகைக்குக் காரணம் என்ன? திருமண்டலத்தின் கையில் அரசு உதவிபெறும் பள்ளிகளும், கல்லூரிகளும், மருத்துவமனைகளும், நிலங்களும் இருக்கின்றன. ஓர் ஆசிரியர் பணியிடம் என்பது ஒரு குடும்பத்தின் வாழ்நாள் ஊதியம். அந்தப் பணியிடத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் நாற்காலிக்காகத்தான் அணிகள் உருவாகின்றன. அண்ணன் ஓர் அணியிலும் தம்பி ஓர் அணியிலும் நின்று, தேர்தல் முடிந்த பிறகும் ஒருவர் வீட்டு அடக்க ஆராதனைக்கு மற்றவர் போகத் தயங்குகிறார். தோற்ற அணிக்குத் துணை நின்றதாகக் கருதப்படும் குருவானவர், எந்த ஊருக்கு மாற்றுவார்களோ என்று அஞ்சுகிறார். இந்த நிலையில் ஒருவரையொருவர் நேசியுங்கள் என்று மட்டும் சொல்வது, சபையார் தலையில் பழியைப் போட்டுவிட்டு அமைப்பைத் தப்பவிடுவதாகும்.

எனவே என் கோரிக்கை நிர்வாகம் சார்ந்தது. பணி நியமனத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட பொறுப்பாளர்களிடமிருந்து பிரித்து, தகுதி, பதிவு மூப்பு ஆகியவற்றின்படி வரிசைப்பட்டியல் தயாரித்து, அதை ஒவ்வொரு ஆலயத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும். குருவானவர்களின் இடமாற்றத்துக்குக் கால வரையறை வேண்டும். ஏழைகள் நிதியின் வரவு செலவை, பெறுபவரின் பெயரை மறைத்து, ஆண்டுதோறும் சபையில் வாசிக்க வேண்டும். அந்த நிதியை நிர்வகிக்கும் குழுவில் விதவைகளும், கூலி வேலை செய்வோரும் பாதிக்குக் குறையாமல் இடம்பெற வேண்டும்.

அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோர் இவற்றில் எவற்றுக்கு எழுத்து மூலம் உடன்படுகிறார்கள் என்பதைத் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு வெளியிட்டால், எந்த அணி வெல்லும் என்ற கணிப்பைவிட அது எங்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
சபையார் ஒருவர்,
பாளையங்கோட்டை.