சைலன்சர் மாட்டினாலும் சத்தம் கேட்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் எஃப்.என்.எக்ஸ்-45 டாக்டிகல் பிஸ்டல் பற்றிய கட்டுரையைப் படித்தேன். "சைலன்சரைத் திருகிவிட்டால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது" என்று அதில் ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

நான் சுடுதளத்தில் நெடுங்காலம் பயிற்சி கொடுத்தவன். காதுக்கு எதுவும் மாட்டாமல் நிற்பதுதான் வீரம் என்று நினைத்த தலைமுறை எங்களுடையது. இன்று என் இடது காதில் இரவு பகலாக ஒரு கீச்சொலி. அந்தப் பக்கமிருந்து பேரப்பிள்ளைகள் கூப்பிட்டால் எனக்குக் கேட்பதில்லை. தாங்கள் அறியாததல்ல, அந்த பிஸ்டலுக்குரிய .45 ஏசிபி ரவுண்டு, அதாவது தோட்டா, சுடும்போது எழும் சத்தம் ஏறக்குறைய 160 டெசிபல். நல்ல சைலன்சர் அதில் 25, 30 குறைக்கும். மிச்சம் 130 இருக்கிறதே, அது அடுத்த அறைக்குக் கேட்காதா? தங்கள் வரியை நம்பி ஒரு இளைஞன் காதுக் கவசத்தைக் கழற்றி வைத்தால் அவன் காதுக்கு யார் பொறுப்பு?

அதே கட்டுரை இந்த ரவுண்டை "பழைய, மெதுவான ரவுண்டு" என்று தள்ளிவிடுகிறது. ஜான் பிரவுனிங் உருவாக்கி, 1911-இல் அமெரிக்க ராணுவம் பிஸ்டலோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட ரவுண்டு அது. பழையதுதான், மறுக்கவில்லை. ஆனால் 230 கிரெய்ன் குண்டு, அதாவது 15 கிராமுக்குக் கொஞ்சம் குறைவான எடை, நொடிக்குச் சுமார் 260 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒலியின் வேகம் 340. ஒலியை முந்தாததால் காற்றில் அந்த 'பட்' என்ற வெடிப்பு வருவதில்லை. சாதாரண 9 மி.மீ. ரவுண்டு பெரும்பாலும் முந்திவிடும், சைலன்சரால் அதைத் தடுக்க முடியாது. சைலன்சருக்கு .45 தோதாக இருப்பதே அந்த மெதுவால்தான். குறை என்று எழுதியது அதன் பலத்தை.

அந்த பிஸ்டலின் உயரமான சைட்டுகளும், அதாவது குறிபார்க்கும் முனைகளும், அழகுக்காக வைத்தவை அல்ல. குழல் நுனியில் மரை போட்டிருப்பது சைலன்சருக்காக. அதை மாட்டினால் சாதாரண சைட் மறைந்துவிடும், அதனால் உயர்த்தியிருக்கிறார்கள். சுடும்போது பின்னால் நகரும் மேல்பாகமான ஸ்லைடின் மேல், ரெட் டாட் என்ற சிவப்புப் புள்ளிக் குறிகருவியைப் பொருத்தினாலும் அதே உயரம் உதவும்.

எழுத ஆரம்பித்ததால் பழையதையும் சொல்லிவிடுகிறேன். முன்பொரு முறை செமி ஆட்டோமேட்டிக் என்றால் டிரிகரை அழுத்திப் பிடித்தால் சுட்டுக்கொண்டே இருக்கும் என்று எழுதினீர்கள். ஒரு அழுத்தலுக்கு ஒரு ரவுண்டுதான். இன்னொரு முறை "மேகசினைக் கழற்றியதும் துப்பாக்கி காலி" என்று வந்தது. மேகசின் ரவுண்டுகளை அடுக்கும் பெட்டிதான்; குழலின் பின்முனையிலுள்ள சேம்பரில் ஒரு ரவுண்டு உட்கார்ந்திருக்கலாம். மேகசின் இல்லாவிட்டாலும் பல பிஸ்டல்கள் அதைச் சுட்டுவிடும். இந்த நம்பிக்கையில் எத்தனை விபத்துகள்! அப்போதும் கடிதம் எழுதினேன். வெளியிட வேண்டாம், வந்து சேர்ந்தது என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாம் அல்லவா? தங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், புரிகிறது.

இப்போது நான் கேட்பது இரண்டே வரி. அடுத்த இதழில், சைலன்சர் இருந்தாலும் காதுக் கவசம் அவசியம் என்று திருத்தம் போடுங்கள். கட்டுரை வந்த அதே பக்கத்தில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்