பத்துப் பேர் கூடிய ஆண்டு: செயலாளர் அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில், வரும் ஆண்டு முழுக்க ஒரே பொருளை எடுத்துப் படிக்கலாம் என்று முடிவு செய்தோம். கொங்கு நாட்டு நடுகற்கள் என்று ஒரு பக்கம், யூதர் வரலாறு என்று ஒரு பக்கம். கை தூக்கி எண்ணியதில் யூதர் வரலாற்றுக்கு இரண்டு கை கூடுதலாக இருந்தது. நான் நடுகல் பக்கம் கை தூக்கியவன். இப்போது ஆண்டு முடிந்த நிலையில், அன்று தோற்றது நல்லதாகப் போயிற்று என்று மனதாரச் சொல்கிறேன். தொலைக்காட்சியைத் திறந்தால் காசா, இஸ்ரேல். நம் எல்லோரிடமும் ஒரு கருத்து இருந்தது, ஆனால் இந்த மக்கள் யார், எங்கெங்கே இருந்தார்கள், எதை நம்புகிறார்கள், எப்படி ஒரு நாட்டை அமைத்தார்கள், அந்த மண்ணில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று வரிசையாகச் சொல்ல நம்மில் ஒருவராலும் முடியவில்லை.

பன்னிரண்டு கூட்டம் திட்டமிட்டு பத்து நடத்தினோம். நவம்பரில் மழை, மார்ச்சில் பிள்ளைகளின் தேர்வு. அதிகபட்சம் முப்பத்தொரு பேர் வந்தார்கள், குறைந்தபட்சம் ஏழு பேர். அந்த ஏழு பேர் கூட்டத்தில்தான் இந்த ஆண்டு முழுக்க நம்மோடு வந்த ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டோம், ‘மின்யான்’. யூத மரபில் கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும்; ஒன்பது பேர் இருந்தால் சில வேண்டுதல்களைச் சொல்ல முடியாது, வேதமான தோராவின் சுருளை எடுத்து முறைப்படி வாசிக்க முடியாது. இன்று பெண்களையும் சேர்த்து எண்ணும் பிரிவுகள் இருக்கின்றன, பழமையான பிரிவுகள் எண்ணுவதில்லை. கோயில் வேண்டாம், பூசாரி வேண்டாம், ரப்பி என்ற மதகுருகூடக் கட்டாயமில்லை, பத்துப் பேர் போதும். இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் முதல் மூன்று கூட்டமும் ஓடின.

பொது ஆண்டு 70இல் ரோமானியர்கள் எருசலேம் கோயிலை இடித்தார்கள். அது இரண்டாவது கோயில். முதல் கோயிலைப் பொ.மு. 586 வாக்கில் பாபிலோனியர் இடித்து, மக்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோனார்கள். பலி கொடுக்க ஒரே இடம் அந்தக் கோயில்தான் என்று இருந்த சமயம், அந்த இடமே இல்லாமல் போனால் என்ன ஆகும்? அழிந்திருக்க வேண்டும். யோகனான் பென் சக்காய் என்ற அறிஞர் யவ்னே என்ற ஊரில் ஒரு கல்விக்கூடம் நடத்தினார், பலி இருந்த இடத்துக்கு வேண்டுதலும் படிப்பும் மெல்ல வந்து சேர்ந்தன. 132இல் பார் கோக்பா தலைமையில் மறுபடி கிளர்ச்சி, 135இல் அதுவும் நசுக்கப்பட்டது. சுமார் 200இல் வாய்மொழிச் சட்டங்களை மிஷ்னா என்று தொகுத்தார்கள், அதன் மேல் நடந்த விவாதங்கள் எல்லாம் சேர்ந்து தால்முத் ஆயிற்று. தால்முத்தின் அச்சுப் பக்கம் ஒன்றைப் படியெடுத்துச் சுற்றுக்கு விட்டோம், நினைவிருக்கிறதா? நடுவே மூலம், அதைச் சுற்றி 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷியின் உரை, மறுபக்கம் அவரோடு முரண்படும் பிற்கால உரைகள். மூலத்தையும் உரைகளையும் ஒரே பக்கத்தில் வைத்து, ஒருவரோடு ஒருவர் வாதாடவிடும் அந்த அமைப்பைப் பார்த்து நம் தமிழாசிரியர் ஒருவர் வெகுநேரம் தாளைக் கீழே வைக்கவே இல்லை.

அப்புறம் தோரா வாசிப்பு. ஐந்து நூல்களையும் வாரப் பகுதிகளாகப் பிரித்து ஓர் ஆண்டில் வாசித்து முடிக்கிறார்கள்; முடிக்கும் நாள் சிம்காத் தோரா என்ற திருநாள். உபாகமத்தின் கடைசி வரி முடிந்ததும் அன்றைக்கே ஆதியாகமத்தின் முதல் வரியைத் தொடங்கிவிடுகிறார்கள். மொழி விஷயத்துக்கு ஒரு கூட்டம் முழுசாகப் போனது: பல நூற்றாண்டுகளாக வழிபாட்டிலும் எழுத்திலும் மட்டும் இருந்த எபிரேயத்தை, 1881இல் எருசலேமுக்குக் குடிவந்த எலியேசர் பென் யெகுதா தன் வீட்டின் அடுப்படிக்குக் கொண்டுவந்தார். தன் பிள்ளையோடு வேறு மொழியே பேசக்கூடாது என்று இருந்துவிட்டார். இன்று அது ஒரு நாட்டின் பேச்சுமொழி.

இனி, நம் நாட்டோடு உள்ள தொடர்பு. இதில் நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாலமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த மயில்களுக்கு எபிரேய விவிலியத்தில் ‘துக்கி’ என்ற சொல் இருக்கிறது, அது நம் ‘தோகை’தான் என்று கால்டுவெல் எழுதினார். ஒப்பாதவர்களும் உண்டு, அதனால் அதைப் பெரிதாகத் தூக்கிப் பிடிக்க வேண்டாம் என்றுதான் கூட்டத்திலும் சொன்னேன். (இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி.) உறுதியாகக் கையில் இருப்பவை செப்பேடுகள். 849இல் கொல்லத்தில் எழுதப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகள் அரபு எழுத்து, பகலவி என்ற பழைய பாரசீக எழுத்து ஆகியவற்றோடு எபிரேய எழுத்திலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து, சுமார் 1000இல், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்து, இசுப்பு இரப்பன் என்ற யூத வணிகத் தலைவருக்கு ஒரு செப்பேடு கொடுத்தான். யோசேப்பு ரப்பான்தான் நம் எழுத்தில் இப்படி ஆகியிருக்கிறார். எழுத்து வட்டெழுத்து. அஞ்சுவண்ணம் என்ற வணிகர் அமைப்பின் தலைமையும், எழுபத்திரண்டு உரிமைகளும், சுங்கமான உல்கிலிருந்தும் எடைக்கூலியான துலைக்கூலியிலிருந்தும் விலக்கும் கொடுக்கப்பட்டன. உரிமைகளின் பட்டியலை நம் கல்வெட்டு ஆர்வலர் வாசித்தபோது கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை: பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காகளம், படிப்புரை, தோரணம். பாவாடை என்றால் நடந்துவரும் வழியில் விரிக்கிற துணி, அந்தோளகம் பல்லக்கு. எங்கேயோ எருசலேமில் வேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு நம் சொல்லில், பரம்பரை பரம்பரையாக என்று எழுதிக் கொடுத்த மரியாதை அது. ஐரோப்பாவில் பல இடங்களில் யூதர்களை ஊரைவிட்டு விரட்டிய காலங்களும் இந்தச் செப்பேட்டுக்குப் பிறகுதான் வருகின்றன என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இந்த யூதர்கள் வாழ்ந்த கொச்சிப் பக்கத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புறப்பட்டோம், இருபத்திரண்டு பேர், ஒரு வேன், ஒரு கார். இதில் என் பிழை ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். இரண்டாம் சனிக்கிழமை எல்லோருக்கும் விடுமுறை என்று பார்த்து, முதல் நாளே கொச்சியின் மட்டாஞ்சேரி என்று நான் திட்டம் போட்டிருந்தேன். சனிக்கிழமை ஓய்வுநாள், வெள்ளி மாலை சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது என்று இரண்டு மாதம் முன்பு படித்தவர்கள் நாம். யூதப்பள்ளி, அதாவது அவர்களுடைய வழிபாட்டு இடம், அன்றைக்கு மூடியிருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. வழியில்தான் ஓர் உறுப்பினர் சுட்டிக்காட்டினார். வருந்துகிறேன். பயண வரிசையை மாற்றி, அன்று சேந்தமங்கலமும் பரவூரும் போனோம், ஞாயிறு காலை மட்டாஞ்சேரி.

சேந்தமங்கலத்தில் யூதப்பள்ளியின் வாசலருகே ஒரு கல் நிற்கிறது. இஸ்ரயேலின் மகள் சாரா என்பவரின் கல்லறைக் கல், 1269ஆம் ஆண்டைச் சேர்ந்தது, எபிரேய எழுத்து. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லறைக் கற்களில் மிகப் பழையதாகக் கருதப்படுவது இதுதான். எந்தப் பெருமையும் எழுதாத ஒரு மகளின் பெயர், ஏறக்குறைய 750 ஆண்டாக. நடுகல் பக்கம் கை தூக்கிய நாங்கள் எல்லோரும் அந்தக் கல்லின் முன்னால்தான் அதிக நேரம் நின்றோம்.

மட்டாஞ்சேரிப் பரதேசிப் பள்ளி 1568இல் கட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தரையில் 18ஆம் நூற்றாண்டில் எசேக்கியேல் ரகாபி என்ற வணிகர் சீனாவிலிருந்து தருவித்த, கையால் வரைந்த நீல வெள்ளை ஓடுகள். மணிக்கூண்டும் அவர் காலத்தது. பரதேசி என்ற நம் சொல்லே பெயராக இருப்பதற்குக் காரணம், 1492இல் ஸ்பெயின் தன் யூதர்களை வெளியேற்றிய பிறகு அங்கிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். 1662இல் போர்த்துக்கீசியர் பள்ளியைச் சேதப்படுத்தினார்கள், அடுத்த ஆண்டு டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

ஆனால் விரட்டப்பட்டு வந்தவர்களே இங்கே வந்து பிரிவினையும் வளர்த்தார்கள். இதை நாம் மறைக்கக் கூடாது. முன்பே இருந்த மலபார் யூதர்களை ‘கறுப்பு’ யூதர் என்று ஒதுக்கினார்கள், அடிமை வழி வந்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்குப் பரதேசிப் பள்ளியில் சம உரிமை இல்லை. அந்தப் பிரிவில் பிறந்த ஏ. பி. சேலம், சென்னையில் சட்டம் படித்துவிட்டு வந்து, காந்தியின் வழியில் பள்ளிக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். 1929 லாகூர் காங்கிரசுக்கும் போனவர். யூத காந்தி என்று அவரைச் சொல்வார்கள். உரிமைகள் ஒவ்வொன்றாகத்தான் கிடைத்தன. சாதி நம் ஊரில் எதையெல்லாம் தொட்டிருக்கிறது என்று திரும்பி வரும்போது வேனில் நடந்த பேச்சு வாளையாறு வரை நீண்டது.

அடுத்து ஜூலைக் கூட்டம். அன்று என்ன நடந்தது என்று வராதவர்கள் பலர் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன். பொருள் 1948. தியோடர் ஹெர்ட்சல் 1897இல் பாசலில் கூட்டிய, யூதர்களுக்கு ஒரு தாயகம் வேண்டும் என்ற முதல் சியோனிச மாநாடு, அந்தத் தாயகத்துக்குப் பிரிட்டன் ஆதரவு சொன்ன 1917 பால்ஃபர் அறிவிப்பு, நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்கள், 1947 நவம்பர் 29இல் பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிக்கும் ஐ.நா.வின் தீர்மானம் என்று வரிசையாகப் போனது. ஆதரவு 33, எதிர்ப்பு 13, நடுநிலை 10. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. 1948 மே 14இல் டெல் அவிவில் யூதர் தலைவர் பென் குரியன் இஸ்ரேல் நாட்டை அறிவித்தார், மறுநாள் அண்டை அரபு நாடுகளின் படைகள் நுழைந்தன. இங்கே வந்ததும் ஓர் உறுப்பினர் எழுந்து, வீடிழந்த பாலஸ்தீனர்களைப் பற்றி எப்போது பேசுவீர்கள் என்று கேட்டார். இன்னொருவர், பாக்தாதிலிருந்து போன யூதர்களைப் பற்றியும் பேச வேண்டும் என்றார். குரல் உயர்ந்தது, ஒருவர் வெளியே போய்விட்டார். நம் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், “சார், அவரைக் கூப்பிடுங்க, இரண்டையும் பேசி முடிச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போறோம்” என்றார். வெளியே போனவரும் திரும்பி வந்தார். சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர் வீடும் நிலமும் இழந்ததை, அவர்கள் நக்பா, பேரழிவு என்று சொல்வதை, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அகதி முகாம்களில் இருப்பதைப் பேசினோம். 1950, 51இல் ஈராக்கிலிருந்து 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் தங்கள் குடியுரிமையைத் துறந்து விமானமேறியதையும் பேசினோம். இரவு ஒன்பதரை ஆயிற்று. என் கருத்து, செயலாளராக அல்லாமல் உறுப்பினராக: நாடு வேண்டும் என்ற யூதர்களின் ஏக்கம் நியாயமானது, பாலஸ்தீனர்களின் இழப்பும் உண்மையானது, ஒன்றைச் சொல்வதற்காக மற்றொன்றைக் குறைத்துச் சொல்கிற கூட்டம் நம் சங்கத்தில் இனி நடக்கக் கூடாது.

கொச்சி யூதர்கள் கதைக்குத் திரும்புகிறேன். யாரும் அவர்களை விரட்டவில்லை. ஆனாலும் 1950களில் ஏறத்தாழ எல்லோரும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா விருந்தின் முடிவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ‘அடுத்த ஆண்டு எருசலேமில்’ என்பது அவர்களுக்கு வெறும் வாய்ச்சொல்லாக இல்லை. சேலமே 1950களில் அங்கே போய் அவர்களுக்காகப் பேசினார். யானைக்கால் நோயைக் காரணம் காட்டி இஸ்ரேல் அதிகாரிகள் தயங்கியதில் சிலகாலம் தடைப்பட்டது. போனவர்களுக்குப் பாலைவனத்தை ஒட்டிய நெவாதிம் போன்ற ஊர்கள் கிடைத்தன, அங்கே பூ வளர்த்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். பெண்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்த மலையாளப் பாட்டுகளையும் எடுத்துப் போனார்கள். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் மரவேலைப்பாடு எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பரதேசிப் பள்ளியில் இன்று உள்ளூர்க்காரர்களை வைத்துப் பத்துப் பேர் தேறுவதில்லை, வெளியூர்ப் பயணிகள் வந்து சேர்ந்தால்தான் மின்யான்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பயணத்துக்குப் பிரித்த பணத்தில் மீதி 1,140 ரூபாய் இருக்கிறது, அதைச் செப்பேட்டின் படத்தைச் சட்டம் போட்டு அறையில் மாட்டப் பயன்படுத்தலாம் என்று செயற்குழு கருதுகிறது, ஒப்புதல் வேண்டும். கூட்ட அறையைக் கட்டணமில்லாமல் தந்தவர்களுக்கும், கொச்சியில் மலையாளத்திலிருந்து நமக்கு மொழிபெயர்த்துச் சொன்ன இளைஞருக்கும் நன்றி. இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த முதல் தலைவரின் துணைவியாருக்கு எழுந்து நின்று அஞ்சலி செலுத்துவோம். ஏழு பேர் வந்த அன்றைக்கும் அவர் வந்திருந்தார்.

விதிமுறையில் ஒரு திருத்தம் முன்மொழிகிறேன். கூட்டம் நடக்கக் குறைந்தபட்சம் பதினைந்து பேர் என்று இருக்கிறது, அதைப் பத்து என்று மாற்ற வேண்டும், பெண்களும் மாணவர்களும் அந்தக் கணக்கில் வர வேண்டும். வரும் ஆண்டுக்கு நடுகற்கள். முதல் கூட்டம் வழக்கம்போல் இரண்டாம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, சந்தாவை அன்றே கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்