எடை பார்க்கும் அறையில் ஒரு ஆளை நிறுத்துங்கள்

மாவட்டத்தில் குத்துச்சண்டைப் போட்டிகளை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் நாகர்கோவிலில் நடந்த போட்டியில் 92 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் என்ன நடந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை, நீங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தீர்கள். நாலு பேர் பெயர் கொடுத்தார்கள். அரையிறுதிக்கு ஒரு பையன் வரவே இல்லை, இறுதிக்கு எங்கள் பையன் வந்தும் ரிங்கில் ஏறவில்லை. ஒரு குத்துகூட விடாமல் ஒருவர் கழுத்தில் தங்கப்பதக்கம் விழுந்தது. அதுகூடப் பரவாயில்லை, எதிராளி வராமலே ஜெயிக்கிற வாக்ஓவர் எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். ஆனால் உங்கள் மைக்கில், "எதிராளி பயந்து ஓடிட்டாரு, ஜெயிச்சவருக்கு ஒரு கைதட்டு குடுங்க" என்று அறிவித்தீர்களே, அதற்காகத்தான் இந்த மடல். எங்கள் பையனின் அப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகனுடைய முதல் போட்டி என்று கடலுக்குப் போகாமல் வந்தவர். சுற்றி விசில் பறந்தபோது அவர் தன் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் பயந்தது உண்மை, அதை நான் மறைக்கவில்லை. எப்படிப் பயந்தான் என்பதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள்.

முந்தின நாள் அரையிறுதியில் இதே பையன் மூன்று ரவுண்டும் நின்று பாயிண்டில் ஜெயித்தான். மூக்கில் ரத்தம் வந்தும் கையை இறக்கவில்லை. மறுநாள் காலையில் எடை பார்க்க வரிசையில் நிற்கிறான், உடம்பில் ஜட்டி மட்டும்தான். அப்போது, பிறகு தங்கம் வாங்கிய அந்த வீரர் நாலு கூட்டாளிகளோடு வந்து இவன் பின்னால் நின்றார். "லேய், வீட்டுல சொல்லிட்டு வந்தியா? ஆம்புலன்ஸுக்கு நான் சொல்லியாச்சு" என்றார். அப்புறம் இவன் காதுக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் ஓங்கி ஒரு குத்து. கூட இருந்தவர்களில் ஒருவர் அதை போனில் படம் பிடித்து, மத்தியானத்துக்குள் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார். மேசையில் எடை எழுதிக்கொண்டிருந்த உங்கள் ஆள் தலையைத் தூக்கிப் பார்த்தார், சிரித்தார், மறுபடி எழுதப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அதற்குப் பிறகு அவனுக்குக் கைக்கட்டு போட்டவன் நான். கைக்கட்டுத் துணியைச் சுற்றச் சுற்ற அது நனைகிறது. உள்ளங்கையில் அப்படி ஒரு வியர்வை. நனைந்த துணி சுருண்டு விரலிடுக்கை அறுக்கும் என்று அவிழ்த்துவிட்டு, வேறு துணி எடுத்து மறுபடி சுற்றினேன், அதுவும் நனைந்தது. மூன்றாவது தடவை அவிழ்க்கும்போது, "அண்ணே, வெரலு எதுவும் எனக்குத் தெரியல" என்றான். காலையில் குடித்த கட்டஞ்சாயா, அந்தப் பால் விடாத டீ முழுவதையும் வாந்தி எடுத்தான். இவன் யார் தெரியுமா? பதினாலு வயதிலிருந்து ஆனி ஆடியிலும் வள்ளம் தள்ளுகிறவன். 2017-இல் ஒக்கிப் புயலில் போன மாமா இன்னும் திரும்பாத வீட்டுப் பையன், அதற்குப் பிறகும் கடலுக்குப் போகிறவன். முட்டம் பாறையில் அலை அடிக்கிற அடி தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கடலைக் கண்டு பயமே இல்லாதவனை எங்கள் கரையில் வள்ளத்தில் ஏற்ற மாட்டார்கள். பயம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுக்கப் பெரியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் எடை அறையில் அப்படி யாரும் இல்லை.

பெரிய பெரிய ஆட்களுக்கே வருகிற பயம் இது. மைக்கேல் ஸ்பிங்க்ஸ் 1976 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர், 1985-இல் உலகச் சாம்பியன் லாரி ஹோம்ஸை வீழ்த்தியவர், 31 சண்டையில் ஒன்றுகூடத் தோற்காதவர். அவர் 1988 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் அன்றைய உலகச் சாம்பியன் மைக் டைசனுக்கு எதிரே வந்து நின்ற படத்தைப் பாருங்கள், மணி அடிக்கும் முன்பே முகத்தில் எல்லாம் எழுதியிருக்கும். 91 விநாடியில் முடிந்துவிட்டது. அந்த டைசனே சின்னப் பையனாக 1982-இல் ஜூனியர் ஒலிம்பிக் சண்டைக்கு முன்னால் அரங்கத்துக்கு வெளியே நின்று அழுதார், பயிற்சியாளர் டெடி அட்லஸ் தோளில் கை போட்டுத் தேற்றினார், அந்தக் காட்சி இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கிறது. அழுத பையனை அன்றைக்கு யாராவது மைக்கில் பரிகசித்திருந்தால்? டைசனை வளர்த்த கஸ் டமாட்டோ பயத்தை நெருப்பு மாதிரி என்பார், அடக்கி வைத்தால் சோறு பொங்கலாம், விட்டால் வீட்டையே எரிக்கும். எங்கள் பையன் கையில் இருந்த நெருப்பில் உங்கள் கண் முன்னால் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், நீங்கள் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்.

போட்டி முடிந்து நான் வந்து கேட்டபோது உங்களில் ஒருவர், "முகமது அலி பேசாத பேச்சா? குத்துச்சண்டைன்னா அப்படித்தான் இருக்கும்" என்றார். எனக்குக் கற்றுக்கொடுத்த வாத்தியார், 1980-இல் அலி சென்னைக்கு வந்ததைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தவர், அதனால் அலியைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும் சார். 1964 பிப்ரவரி, மியாமி. எடை பார்க்கும் இடத்தில் 22 வயதுப் பையன் கத்தினான், குதித்தான், உண்மைதான். ஆனால் யாரைப் பார்த்து? உலகமே நடுங்கிய சாம்பியன் சோனி லிஸ்டனைப் பார்த்து. இளையவன் பெரியவனைப் பார்த்துக் கத்தியது அது. இங்கே நடந்தது நேர் எதிர். அப்புறம் அன்றைக்கு அந்த அறையில் டாக்டர் இருந்தார், நாடி பிடித்துப் பார்த்து நிமிடத்துக்கு 120 அடிக்கிறது என்று சொன்னார். குத்துச்சண்டை ஆணையத்தின் ஆட்கள் இருந்தார்கள், அங்கே நடந்துகொண்ட முறைக்காக 2,500 டாலர் அபராதம் போட்டார்கள். அலிக்கே போட்டார்கள் சார். நான் அபராதம்கூடக் கேட்கவில்லை, அந்த அறையில் ஒரு ஆளை நிறுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்த வீரர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் அவருக்கும் நீங்கள் நல்லது செய்யவில்லை. மாவட்டத்தில் இரண்டு வருடமாக அவரை எதிர்த்து யாரும் முழுதாக மூன்று ரவுண்டு நிற்கவில்லை. மாநிலப் போட்டிக்குப் போனார், அங்கே ஒரு பையன் இவர் முறைப்பைக் கண்டுகொள்ளவே இல்லை, இரண்டாவது ரவுண்டில் இவருக்கு மூச்சு வாங்கியது, ரெஃப்ரி நிறுத்திவிட்டார். அடி வாங்கிப் பழகாமல் போனால் அப்படித்தான் ஆகும். பயமுறுத்தியே ஜெயிக்கிறவருக்குக் குத்து கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. மற்றப் பிரிவுகளில் இரண்டு பக்கமும் எடைக்கு வரம்பு உண்டு. 92-க்கு மேல் என்றால் மேலே வரம்பே கிடையாது, 93 கிலோ பையனும் 120 கிலோ ஆளும் ஒரே பிரிவு. நம் மாவட்டத்தில் அந்த எடையில் வருகிறவர்களே விரல் விட்டு எண்ணுகிற அளவுதான், அதிலும் முதல் போட்டிக்கு வருகிறவனை நேராக அவர் முன்னால் தள்ளினால் அடுத்த வருடம் பெயர் கொடுக்க யார் இருப்பார்கள்?

சொல்ல ஆரம்பித்தால் நிறைய இருக்கிறது. 12 அவுன்ஸ் கிளவுஸ் மொத்தமே இரண்டு ஜோடி, முந்தின சண்டைக்காரரின் வியர்வையோடு ஈரமாக அடுத்தவன் கைக்கு வருகிறது. சிறப்பு விருந்தினர்கள் பேசி முடிக்க ஒன்றரை மணி நேரம், அதுவரை உடம்பைச் சூடுபண்ணிக்கொண்டு நின்ற பையன்கள் எல்லாம் ஆறிப் போய் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் பதினொரு மணிக்கு மேல்தான் வந்தார். பொன்னாடைக்கு இருந்த காசு ஐஸ் பெட்டிக்கு இல்லை. சரி, இதெல்லாம் வேறு நாள் பேசலாம், இப்போது நான் கேட்பது இதில் எதுவும் இல்லை. காசு செலவில்லாத ஒன்றைத்தான் கேட்கிறேன்.

ஃபிளாய்ட் பேட்டர்சன் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். உலகச் சாம்பியன் பட்டத்தை இழந்து மறுபடி வென்ற முதல் ஹெவிவெயிட். 1962-இல் சிக்காகோவில் இதே லிஸ்டனிடம் 2 நிமிடம் 6 விநாடியில் விழுந்தார். அன்றைக்கு ராத்திரி ஒட்டுத் தாடி வைத்துக்கொண்டு, யாருக்கும் முகம் காட்டாமல் காரில் ஊருக்குப் போனார். தோற்றால் என்ன செய்வது என்று அந்தத் தாடியை முன்னமே வாங்கி வைத்திருந்தாராம். எங்கள் பையனிடம் தாடி இல்லை, ஒரு துண்டு இருந்தது. அதைத் தலையில் போட்டுக்கொண்டு வடசேரியில் கடைசி பஸ் வரும்வரை காத்திருந்து, ஊர் உறங்கிய பிறகு வீட்டுக்குப் போனான். அப்பாவோடுகூடப் போகவில்லை.

மூன்று வாரமாகிறது, பயிற்சிக்கு வரவில்லை. பழைய வலையை அடைத்துத் தைத்த, நாங்கள் குத்திப் பழகும் மூட்டை தென்னையில் சும்மா தொங்குகிறது, அதைத் தைத்தவனே அவன்தான்.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எடை பார்க்கும் அறையிலும் பையன்கள் தயாராகும் அறையிலும் உங்கள் பொறுப்பாளர் ஒருவர் நிற்க வேண்டும். எழுதுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. யாராவது யாரையாவது மிரட்டினால் அங்கேயே எச்சரித்து, மறுபடி செய்தால் போட்டியிலிருந்து நீக்க வேண்டும். முதல் போட்டிக்கு வருகிறவனை அந்த வீரரோடு இணைப்பதாக இருந்தால் அவன் பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ரிங்கில் ஏறாதவன் பெயரை மைக்கில் சொல்லும்போது, "போட்டியிலிருந்து விலகினார்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த போட்டிக்கு அந்த அறையில் நிறுத்த ஆள் இல்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள். காலை ஐந்து மணிக்கு வந்து நான் நிற்கிறேன். பயணப்படிகூட வேண்டாம்.

இப்படிக்கு,
கடலோரத்தில் பையன்களுக்குக் கைக்கட்டு போட்டுவிடும் ஒருவன்