கவுண்டர் பில்லும் மொபைல் பில்லும் ஒரு பைசா மாறுவது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்து ரப்பர் ஷீட் கடைகளிலிருந்தும் நாகர்கோவில் மொத்தக் கடைகளிலிருந்தும் ஒரே கேள்வி வருகிறது. எங்கள் பில்லிங் மென்பொருளில், கவுண்டர் கம்ப்யூட்டரில் அடித்த பில்லை மொபைலில் திறந்தால் வரியில் ஒரு பைசா வித்தியாசம் காட்டுகிறதே, ஏன்? ஒரு பைசாதானே என்று விடக்கூடாது. மாதக் கடைசியில் ஆடிட்டரிடம் கூட்டுத்தொகை இடிக்கும்.

பெருக்கல், வகுத்தலில் பிழை இல்லை. வந்த விடையை இரண்டு தசமத்துக்குச் சுருக்கி எழுதித்தரும் லைப்ரரி, அதாவது ஆயத்தமாகக் கிடைக்கும் புரோகிராம் தொகுப்பு, சி, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என ஒவ்வொரு புரோகிராம் மொழியிலும் வேறு. வரிக்கு உட்பட்ட தொகை 2,345 ரூபாய் என்று வையுங்கள். 5 சதவீத ஜிஎஸ்டியில் மத்திய அரசின் பாதியான சிஜிஎஸ்டி 2.5 சதவீதம் 58.625. 58.62-க்கும் 58.63-க்கும் சரிபாதியில் நிற்கும் எண். லினக்ஸின் சி லைப்ரரியும் பைத்தானும் பாதியை இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் சாய்க்கும்: 58.62. பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மேலே ஏற்றும்: 58.63. விண்டோஸின் சி லைப்ரரியும் முன்பு மேலேதான் ஏற்றியது. விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பிலிருந்து 58.62 என்கிறது. அதனால் புரோகிராமைத் தொடாமலே, விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள் பில் மாறலாம். மாநில அரசின் பாதியான எஸ்ஜிஎஸ்டியும் அப்படியே மாறுவதால் ஒரு பில்லில் இரண்டு பைசா.

107 ரூபாய்க்கு சிஜிஎஸ்டி 2.675 வரும். இது இன்னொரு வகைச் சிக்கல். 0, 1 மட்டுமே கொண்டு எழுதும் கம்ப்யூட்டரின் இரும எண்ணில் 2.675 சரியாக அடங்காது; உள்ளே இருப்பது 2.6749999999999998 அளவு. அதனால் சி, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் 2.67 என்கின்றன. எக்செலின் ரவுண்ட் கட்டளையும், பிஎச்பி என்ற இன்னொரு புரோகிராம் மொழியின் நம்பர் ஃபார்மேட் கட்டளையும் 2.68 தருகின்றன. ஆடிட்டரின் எக்செல் உங்கள் பில்லோடு ஒத்துவராததற்கு இதுதான் காரணம். ஒரு சின்ன எண்ணைக் கூட்டிச் சமாளிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. சரக்கு திரும்பி வந்த பில்லில் மைனஸ் வரும்போது அது எதிர்ப்பக்கம் இழுத்துவிடும்.

புதிய பதிப்பில் இதை எந்த லைப்ரரியிடமும் விடவில்லை. தொகை பைசாவாக, முழு எண்ணாகவே இருக்கும். 2.5 சதவீதம் என்றால் ஆயிரத்துக்கு 25: 2,34,500 பைசாவை 25-ஆல் பெருக்கி, 500 கூட்டி, 1000-ஆல் வகுத்து மீதியை விட்டால் 5,863 பைசா. மைனஸ் தொகைக்குக் குறியை எடுத்துவைத்துவிட்டு இதே கணக்கைப் போட்டு, பிறகு குறியைச் சேர்க்கிறோம். எந்தக் கருவியிலும் ஒரே விடை.

காற்புள்ளியும் இனி எங்கள் பொறுப்பு. ஜாவா மொழியில் எண்ணை எழுதித்தரும் டெசிமல் ஃபார்மேட்டுக்கு லட்சக் கணக்கு வடிவம் கொடுத்தாலும் கடைசிக் குழுவை மட்டும் பார்த்து 12,34,567.50-ஐ 1,234,567.50 என்று எழுதிவிடும். காற்புள்ளியை வைத்தே கட்டம் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பில், தொகைக்குள் காற்புள்ளியே போடமாட்டோம். போட்டால் ஒரே தொகை மூன்று கட்டங்களாகச் சிதறும்.

நீங்கள் செய்யவேண்டியது: அன்றைய கணக்கை முடித்து, பேக்கப் எடுத்தபின் அப்டேட் போடுங்கள். கடை நேரத்தில் வேண்டாம். பழைய பில்கள் சேமித்த தொகையிலேயே இருக்கும். அவற்றைத் திறந்து மறுபடி சேவ் செய்யாதீர்கள். எக்செலிலும் லட்சக் கணக்கு தெரிய, கண்ட்ரோல் பேனலில் ரீஜன், அடிஷனல் செட்டிங்ஸ் போய் டிஜிட் குரூப்பிங்கை 12,34,56,789 என்று வையுங்கள். பிறகு மென்பொருளில் சோதனைக்காக வைத்திருக்கும் டெஸ்ட் கம்பெனியில் 5 சதவீத வரியுடன் 2,345-க்கும் 107-க்கும் தனித்தனி பில் போடுங்கள். கவுண்டரிலும் மொபைலிலும் சிஜிஎஸ்டி 58.63, 2.68 என்றே வரவேண்டும். வேறு எண் வந்தால் நிஜ பில் போடாமல், இரண்டு திரைகளையும் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் பராமரிப்புப் பிரிவு,
நாகர்கோவில்